இடுப்பளவுப் பள்ளம்

1

கடல் கடந்து போனவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளை விரும்பிப் படிப்பவன் நான். பனி, விசா, வாரத்துக்கு ஒரு நாள் தமிழ்ப் பள்ளி என்று அவர்கள் எழுதும்போது எனக்கும் அந்த வரிசையில் நிற்க ஆசை வரும். ஆனால் நான் கடந்தது ஆரல்வாய்மொழிக் கணவாயை மட்டும். கோவில்பட்டியில் காலையில் ரயில் ஏறினால் பிற்பகல் டீயைத் திருவனந்தபுரத்தில் குடித்துவிடலாம். இதைப் போய் அந்நிய தேசம் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள்.

இருந்தாலும், இங்கே வந்த புதிதில் ரேஷன் அட்டைக்கு மனு எழுதித்தர ஆள் தேடி அலைந்திருக்கிறேன். வில்லேஜ் ஆபீசில் என் பெயருக்கு முன்னால் இருக்கிற ஒற்றை எழுத்தைப் பார்த்துவிட்டு, இது வீட்டுப் பெயரா, அப்பா பெயரா, வீட்டுப் பெயர் எங்கே என்று கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருஷம் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பாண்டி மாஷ். மாஷ் என்றால் வாத்தியார்; பாண்டி, தமிழனுக்கு இங்கே வைத்திருக்கும் கேலிப்பெயர். இப்போது வெறும் மாஷ். அந்தப் 'பாண்டி' எந்த வருஷம் உதிர்ந்தது என்று கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஊர்க்காரன் ஆன தேதி என்று அதைக் குறித்து வைத்திருக்கலாம்.

கரமனையில் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மேட்டில் எங்கள் வீடு. மகள் நிவேதா இங்கேதான் பிறந்தாள். பள்ளியில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ். தமிழைப் பேசுவாள்; படிப்பது எழுத்துக்கூட்டித்தான். பத்திரிகையில் என் கட்டுரை ஏதாவது வந்து நீட்டினால் ஒரு பத்தியோடு, "மதி அப்பா, நீங்களே வாயிச்சுத் தாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். மதி என்றால் மலையாளத்தில் போதும். இதை அவளுக்கு வாசித்துக் காட்டும் தைரியம் எனக்கு வருமா என்று தெரியவில்லை.

நேற்று அவளை விமானம் ஏற்றிவிட்டு நானும் என் மனைவி செல்வியும் திரும்பி வந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மனையில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு ஒரு வருஷம் பின்னால் போகவேண்டும்.

2

நிவேதா படிப்பது பூமியின் பிளவுகளைப் பற்றி. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கண்டமே மெதுவாக இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. நம் நகம் வளரும் வேகத்துக்கும் குறைவு, ஆனால் நிற்பதில்லை. முதன்முதலில் இதை அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, நாகர்கோவில்காரியான செல்வி கரண்டியோடு நின்று கேட்டாள்.

"ஏட்டி, கிழியுத எடத்துல ஒனக்கென்ன சோலி?"

"அங்கதானம்மா ஜோலியே கிட்டும்," என்றாள் மகள்.

கிழியும் இடத்தில் பூமியின் தோல் மெல்லிசு. கீழே இருக்கும் சூடு மேலே வந்துவிடும். அந்த நீராவியை வைத்துப் புகை இல்லாமல் மின்சாரம் எடுக்கலாம். பாறைக்குள் தண்ணீர் போய்ச் சேரும் சில இடங்களில் ஹைட்ரஜன் தானாகவே உண்டாகும். அதையும் எரிபொருளாக எடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். இதற்காகப் பல நாட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஒருவர் நிலநடுக்கம், ஒருவர் வெந்நீர் ஊற்று, இவள் தரையிலிருந்து கசியும் வாயு. பாதி நாள் ஐரோப்பாவில் ஆய்வகத்தில், பாதி நாள் அந்தப் பிளவுப் பள்ளத்தாக்கில் கூடாரத்தில்.

அங்கே யாரும் தனியாக வேலை செய்யக்கூடாது. இரண்டு இரண்டு பேராகத்தான் போகவேண்டும். நிவேதாவுக்கு இணையாக வாய்த்தவன் தெஸ்ஃபா என்ற எத்தியோப்பியப் பையன். அவனை நாங்கள் போனில் பலமுறை பார்த்திருக்கிறோம். ஒல்லியாக இருப்பான்; காதுவரை வாய் நீளச் சிரிப்பான். புதன், வெள்ளி கறி தொடமாட்டான் என்று கேள்விப்பட்டதும் செல்விக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. விரதக்காரப் பிள்ளை என்று பக்கத்து வீட்டு ராதாமணி சேச்சியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜீப் டயர் பஞ்சரானாலும், கூடாரத்தில் மழை ஒழுகினாலும், "சாரமில்லா" என்பானாம். பரவாயில்லை என்பதற்கு இவள் கற்றுக்கொடுத்த மலையாளம். என் மகள் உலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த முதல் வார்த்தை தமிழாக இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். அப்போது வருத்தப்பட எனக்கு அப்படிப்பட்ட விஷயங்கள்தான் இருந்தன.

3

அவள் இதை ஒரே தடவையில் சொல்லவில்லை. மாதக்கணக்கில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் தரை வெடித்த இடங்களில் கரியமில வாயு கசிகிறது. அது காற்றைவிடக் கனம். காற்று அடித்தால் கலைந்துவிடும். காற்று நின்றால் குழிகளில் தண்ணீர் மாதிரித் தேங்கும். நிறமும் வாசனையும் இல்லாததால் தேங்கியிருப்பது தெரியாது. செத்துக் கிடக்கும் பறவைகளை வைத்து இன்ன குழி ஆபத்து என்று அங்கத்து ஆடு மேய்ப்பவர்கள் அறிவார்கள். பிள்ளைகளுக்கு மார்பில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி உண்டு. வாயு அதிகமானால் அலறும். ஒருவர் குழிக்குள் இறங்கி மாதிரி எடுக்க, இன்னொருவர் கரையில் ரேடியோவோடு நிற்கவேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்தால் கரையில் இருப்பவர் எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது. காற்று உருளை மாட்டியவர்களைத்தான் கூப்பிடவேண்டும். பயிற்சியின் முதல் நாள், முதல் பாடம் இதுதான்.

அன்று காலை காற்று இருந்தது. பிறகு நின்றது. குழி பெரிதில்லை. உள்ளே நின்றால் தெஸ்ஃபாவின் இடுப்பளவு. இதற்குப் போய்க் கயிறு எதற்கு என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். நிமிர்ந்து நின்று வேலை செய்தவரை மார்பில் இருந்த கருவி வாய் திறக்கவில்லை. மாதிரி பிடிக்கும் குப்பியின் மூடி கைதவறி ஒரு செடிக்கு அடியில் உருண்டது. அதை எடுக்க அவன் குந்தினான். கருவி அலறியது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. "நிவி" என்று ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான்.

நிவேதா கரையில் நின்றாள். ரேடியோவில் இடத்தைச் சொன்னாள். நின்றாள். ஜீப் வந்தபோது அவள் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறாள். அவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை.

எங்களைக் கூப்பிட்டபோது அவளுக்குத் தமிழே வரவில்லை. "அம்மே, தெஸ்ஃபா மரிச்சு போயி. ஞான் நோக்கி நின்னு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். தெஸ்ஃபா செத்துவிட்டான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களிடம் அவள் முழுக்க மலையாளத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

4

வீட்டுக்கு வந்துவிட்டாள். விசாரணைக்குழு என்று ஒன்று கணினித் திரையில் வந்து கேள்வி கேட்டது. எவ்வளவு தூரத்தில் நின்றாய், கருவியை யார் சரிபார்த்தது, கயிறு எங்கே இருந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் அதையே வேறு தாளில் கேட்டார்கள். எல்லோரும் மரியாதையானவர்கள். எல்லோரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: நீங்கள் சரியாக நடந்துகொண்டீர்கள். நானும் சொன்னேன். சோறு போடும்போது சொன்னேன், பேப்பர் படிக்கும்போது சொன்னேன். அவள் தலையாட்டுவாள்.

பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் நான் செய்துகாட்டும் ஒரு சோதனை உண்டு. கண்ணாடித் தொட்டிக்குள் படிப்படியாக மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்து, கரியமில வாயுவை மெல்ல ஊற்றவேண்டும். முதலில் கீழ்ப்படியில் இருப்பது அணையும். பிறகு அதற்கு மேலே. பிள்ளைகள் கைதட்டுவார்கள். இந்த வருஷம் தொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வேறு ஆசிரியரை நடத்தச் சொன்னேன்.

ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். எங்கள் சித்தப்பாவுக்குப் படையல் போடும் மாதம் அது. சித்தப்பாவின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டிய ஆயில் எஞ்சின் நின்றுபோக, பழுது பார்க்க இறங்கியவர் புகையில் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கச் சித்தப்பா இறங்கினார். சித்தப்பாவைத் தூக்க அவருடைய மைத்துனர் இறங்கினார். மூன்று பேரும் மேலே வரவில்லை. வருஷாவருஷம் இலை போட்டு, வேட்டி வைத்துக் கும்பிடுகிறோம். நிவேதா சிறுபிள்ளையாக இருந்தபோது நானே அவளுக்கு இந்தக் கதையை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

செல்வி கையெல்லாம் மாவாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அண்ணன் கெட்டவர் இல்லை. மனதில் வருவதை வாய்க்குள் நிறுத்தி வைக்கத் தெரியாதவர்.

"ஏ தம்பி, இடுப்பளவு பள்ளம்னுதான சொன்ன? அதுல எறங்க முடியலயா ஒம் மவளால? நம்ம சித்தப்பா அந்தா ஆழத்துல எறங்குனாரு."

பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன். நிவேதா பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. போனை வைத்ததும் கேட்டாள்.

"மூணாவதா இறங்குனாரே, அவர் யாரைக் காப்பாத்தினார்?"

"யாரையும் இல்லம்மா."

"ஆனா அவருக்கும் இலை போடுவோம், அல்லே?"

போடுகிறோம். சித்தப்பாவின் இலைக்குப் பக்கத்து இலை அவருடையது. கிணற்றுக் கரையில் நின்று ஆள் கூப்பிட ஓடியவர் என்று ஒருவர் இருந்திருப்பார். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

5

ஒரு வருஷம் முடியும் சமயத்தில் அந்தத் திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போகிறார்கள். விருப்பம் இருந்தால் பாதுகாப்புப் பாடத்தை நிவேதா நடத்தலாம், கட்டாயம் இல்லை. அவள் உடனே சரி என்று எழுதிவிட்டாள். எங்களிடம் சொன்னது பிறகுதான்.

நான் செய்யாத தந்திரம் இல்லை. எங்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியர் பணி காலி என்றேன். இங்கே இல்லாத ஆராய்ச்சி நிலையமா என்றேன். செல்விக்கு முட்டிவலி என்றேன். முட்டிவலி எனக்கா என்று செல்வி அடுக்களையிலிருந்து கேட்டாள். கடைசியாக நான் நம்பியிருந்தது ஒரு சான்றிதழை. களப்பணிக்கு உடலும் மனமும் தகுதி என்று ஒரு மருத்துவர் கையெழுத்துப் போடவேண்டும். கூடவே போனேன். அவர் அவளிடம் நெடுநேரம் தனியாகப் பேசினார். நான் வெளியே, இந்த மனிதர் நேர்மையானவராக இருக்கட்டும், என் மகள் உடைந்து போயிருப்பதைக் கண்டுபிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றவன் வேண்டுகிற வேண்டுதலா அது? கதவைத் திறந்த மருத்துவர் என்னைப் பார்த்து, மகளுக்குக் குழப்பமில்லை, அச்சனுக்குத்தான் மருந்து வேண்டும் போலிருக்கிறது என்று சிரித்தார். சீல் வைத்துத் தந்தார்.

திரும்பும்போது ஆட்டோ பாலத்தில் நெரிசலில் நின்றது. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு காரியம் சொல்லட்டா அப்பா? அடுத்த தடவை யாராச்சும் விழுந்தா நான் இறங்கிடுவேன். யோசிக்கக்கூட மாட்டேன்."

நாளைக்கு இட்லி வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள். இத்தனை நாளாக அவள் அங்கே போய்விடுவாளே என்றுதான் பயந்திருந்தேன். பயப்படவேண்டியது போவதற்கு அல்ல. பாடம் நடத்தப் போகிறவள், அந்தப் பாடத்தை இனி நம்பவில்லை. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. விதிமுறை, விஞ்ஞானம் என்று ஏதோ பேசியிருப்பேன். ஆட்டோ நகர்ந்துவிட்டது.

வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று.

6

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை வளைகுடாவில் இருக்கும் ஒருவருடையது. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியதோடு வேலை நின்றுபோய்விட்டது. செம்மண் பள்ளத்தில் புல் முளைத்திருக்கும். இடுப்பளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நிவேதா என்னிடம் வந்தாள். பாடத்தை ஒரு தடவை நடத்திப் பார்க்கவேண்டும், வருகிறீர்களா என்றாள். பயிற்சி எளியது. ஒருவர் பள்ளத்துக்குள் விழுந்தவராகக் கிடக்கவேண்டும். ஒருவர் கரையில் நிற்கவேண்டும். நிற்பவர் காற்றுத் திசையைப் பார்க்கவேண்டும், போனில் இடத்தைச் சொல்லவேண்டும், காலை நகர்த்தக்கூடாது. போனின் மறுமுனைக்குச் செல்வியை நியமித்தாள். செல்வி பின்வாசல் படியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இது என்ன விளையாட்டு என்ற முகத்தோடு உட்கார்ந்தாள்.

"நான் தெஸ்ஃபாவாக் கிடக்கேன். நீங்க நானா நில்லுங்க," என்றாள் நிவேதா.

இறங்கிப் புல்லில் பக்கவாட்டில் படுத்தாள். ஒரு முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி. அவன் அப்படித்தான் கிடந்திருக்கிறான் என்பது எனக்கு உறைப்பதற்குள் கூப்பிட்டாள்.

"அப்பா."

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கால் முன்னெலும்பில் தோல் உரிந்து எரிந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"இப்போ ரெண்டு பேரும் போயாச்சு அப்பா," என்றாள். குரலில் கோபம் இல்லை. எழுந்து உட்கார்ந்து முடியில் ஒட்டிய புல்லை எடுத்தாள். "கண்டீங்களா? யாரா இருந்தாலும் இறங்குவாங்க. நான் மட்டும்தான் நின்னேன்."

ஒரு வருஷமாக நான் அவளிடம் சொன்ன அத்தனையையும் ஒரு குதியில் பொய்யாக்கியிருந்தேன். அவள் முகத்தில் ஒரு கணக்குக்கு விடை கிடைத்த நிம்மதி இருந்தது. அதைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த விடையோடு அவளை நான் விமானம் ஏற்ற முடியாது.

"இன்னொரு தடவை படும்மா."

"வேண்டாம்ப்பா. மதி."

"படு."

நான் அந்தக் குரலில் அவளிடம் பேசுவது அபூர்வம். படுத்தாள். நான் மேலே ஏறி, விளிம்பில் கால்விரல்களை ஊன்றி நின்றேன். இந்தத் தடவை அவள் அப்பா என்று கூப்பிடவில்லை.

"நிவி," என்றாள். "நிவி."

நான் போனைக் காதில் வைத்தேன். கரமனை, ஆற்றுப்பக்கம், எங்கள் வீட்டுக்குத் தெற்கு மனை, ஒரு ஆள் விழுந்து கிடக்கிறார் என்று செல்வியிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் அந்தப் பாடம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நீட்டிய கையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவள் கழுத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட என் கை தானாக அசைந்தது.

மதிலுக்கு மேலே ராதாமணி சேச்சியின் தலை தெரிந்தது. "எந்தா மாஷே இது? கொச்சு கிடக்குந்நது கண்டில்லே? எறங்கி எடுக்கூ," என்று கத்தினார். குழந்தை கிடக்கிறதே, கண் இல்லையா, இறங்கித் தூக்கு. நான் நின்றேன். அவர் மறுபடியும் கத்தினார். என்ன மனுஷன் இவன் என்று யாரிடமோ சொல்வதும் கேட்டது.

"எறங்காதீங்க." செல்வியின் குரல் போனிலும் கேட்டது, பின்வாசலிலிருந்தும் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள். "அங்கயே நில்லுங்க."

பள்ளத்தில் நிவேதா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"எம்மேல பாசம் இல்லாமலா அப்பா நிக்கீங்க?"

"இல்லம்மா."

"பின்னே?"

"ஒன்னைத் தூக்கணும்னா நான் குனியணும்," என்றேன். "குனிஞ்சா ரெண்டு பேரும் இல்ல."

அவள் நீட்டியிருந்த கையை மடக்கி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கத் தொடங்கியது. இந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. சத்தம் பெரிதாக, பெரிதாக வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சேச்சி பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு எட்டு வைத்தால் அவள் தலையை மடியில் எடுத்துக்கொள்ளலாம். அவள் அழுது முடித்து, தானாக எழுந்து மேலே ஏறி வரும்வரை நான் கரையிலேயே நின்றேன்.